கேஸில் மட்டும் செத்த மாமா

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், ஐந்து மாதத் தங்கச்சி, பிறகு கேஸ் அண்ணை. தங்கச்சி நித்திரை. என்றாலும் இருந்தவள் இருந்தவள்தான். அவளை விட்டுவிட்டு நாலு பேர் என்று எழுதினால் எனக்கு நாள் முழுக்க அதே யோசனையாக இருக்கும். ரீவிக்குள் இருந்த ஆட்களை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சுவிஸில், கூர் நகரத்தில், அப்பா பாத்திரம் கழுவிய கோட்டலின் மேல்மாடியில், வேலைக்காரருக்கென்று கொடுத்த அறை அது. கூரை சரிந்த பக்கம் கட்டில். நிமிர்ந்து நிற்கக்கூடிய பக்கம் மேசையும் அடுப்பும். ரீவி, கோட்டல்காரர் கழித்துவிட்டது. விருந்தாளிகளின் அறைகளுக்குக் கலர் ரீவி வாங்கியபோது பழையவற்றைப் பின்வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா ஒன்றைத் தோளில் தூக்கி நாலு மாடி ஏற்றிக்கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளைதான். படம் உருளத் தொடங்கினால் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எந்த இடத்தில் தட்டுவது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு மத்தியானத்தில் ஜெர்மன் சானல் ஒன்றில் பழைய அமெரிக்க மர்மக் கதைகள் போகும். ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுக் கதை, புது ஆட்கள். அரை மணித்தியாலத்துக்குள் யாராவது சாவார்கள், அல்லது சாவதற்குக் கொஞ்சம் முதல் கதை நின்றுவிடும். அது முழுக்க ஒரே தொடர்கதை என்றுதான் கனகாலமாக நாங்கள் நினைத்திருந்தோம். போன கிழமை கத்தியோடு கதவுக்குப் பின்னால் நின்றவன் எங்கே என்று அப்பா தேடுவார். அவனைப் பிடித்துப் போட்டார்கள் என்று நான் சொல்லுவேன். மொழிபெயர்க்கிற ஆள் நான்தானே. எனக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் போகத் தொடங்கி எட்டு மாதம். 'கதவைச் சாத்து', 'வரிசையில் நில்', 'இது யாருடையது' என்பவை நன்றாக விளங்கும். விளங்காததற்கு நானே ஒன்றைச் சொல்லிவிடுவேன். டொக்டரிடம் போனாலும் அப்படித்தான், வீட்டுக்கு வரும் கடிதங்களுக்கும் அப்படித்தான். சொல்லி முடிந்த பிறகு, பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று ஒரு கலக்கம் வரும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், கலக்கம் என்னை விடவில்லை.

கேஸ் அண்ணைக்கு வேறு சொந்தப் பேர் இருந்தது. அப்பாவோடு அதே குசினியில் சட்டி தேய்த்தவர். ஊரில் ஏ.எல். வரைக்கும் படித்தவர், கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அகதி விண்ணப்பத்தை எங்கள் ஆட்கள் கேஸ் என்பார்கள். யாருடைய கேஸ் எங்கே நிற்கிறது, யார் எந்தக் கேள்வியில் தடக்கி விழுந்தார்கள் எல்லாம் அவருக்குத் தேவாரம் மாதிரிப் பாடம். அன்றைக்கு அவர் வந்தது எங்கள் கேஸுக்காக.

செவ்வாய்க்கிழமை தலைநகர் பேர்ணில் விசாரணை. அப்பாவை ஒரு அறையிலும் அம்மாவை இன்னொரு அறையிலும் வைத்துக் கேட்பார்கள். இரண்டு பேரும் சொல்வது ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் நாலு பேரும் திரும்ப ஊருக்குப் பிளேன் ஏறவேண்டியதுதான் என்று கேஸ் அண்ணை சொன்னார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்.

எல்லாம் ஒத்துவந்தது, ஒரு இடத்தைத் தவிர. அம்மாவின் தம்பி, என்னுடைய சின்னமாமா. அவரை ஊரில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு ஒரு புதினமும் இல்லை. ஊருக்கு அம்மா எழுதுகிற கடிதத்தின் கடைசி வரி எப்போதும் தம்பியைப் பற்றி ஏதும் தெரியவந்ததோ என்பதாகத்தான் இருக்கும்.

மாமா காணாமல்போனவர் என்று சொல்லாமல், செத்துப்போனார் என்று சொல்ல வேண்டும் என்றார் கேஸ் அண்ணை. அப்பா சொல்வார், அம்மாவும் அதையே சொல்ல வேண்டும்.

"காணேல்லை எண்டால் நூறு கேள்வி வரும் அக்கா. எங்க போனவர், ஆர் கண்டது, ஏன் தேடேல்லை எண்டு. செத்தவர் எண்டால் அதோட சரி."

அம்மா கோழிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு இருந்தவ, கத்தியை வைத்துவிட்டா. எங்கள் அம்மா அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லவே மாட்டா. அரிசி நிறைஞ்சு போச்சு என்றுதான் சொல்லுவா. கடைக்குப் போகும்போதும் போறன் என்று அவவின் வாயிலிருந்து வராது, வாறன் என்றுதான் வரும். அப்படிப்பட்டவவிடம் கேஸ் அண்ணை இதைக் கேட்டார்.

"ஒரு பேப்பருக்காக என்ர தம்பியை நான் சாக்காட்டமாட்டன்" என்று அம்மா சொன்னா. சத்தமாகச் சொல்லவில்லை. தங்கச்சி எழும்பிவிடுவாள் என்று மெதுவாகத்தான் சொன்னா.

கேஸ் அண்ணை அப்பாவைப் பார்த்தார். அப்பா ரீவியைப் பார்த்தார். ரீவியில் கதை தொடங்கியிருந்தது. பெரியவர்கள் கதைக்காமல் இருந்தால் எனக்குப் பயம் பிடித்துவிடும், அதனால் யாரும் கேளாமலே நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

அது ஒரு ரயில் நிலையம். தொலைந்த சாமான்களை வைத்துக் கொடுக்கிற கந்தோர். தொப்பி போட்ட ஒரு பெண் தினமும் வந்து தன்னுடைய பெட்டி வந்துவிட்டதோ என்று கேட்கிறாள். இன்னும் இல்லை என்கிறார் அங்கே வேலை செய்கிறவர். அவள் போன பிறகு அவர் மேசைக்குக் கீழே குனிகிறார். பெட்டி அங்கேதான் இருக்கிறது. ஏன் கொடுக்கவில்லை? அதற்குள் என்ன இருக்கிறது? தூக்கிப் பார்க்கிறார், ஆட்டிப் பார்க்கிறார், காதை வைத்துக் கேட்கிறார்.

காதை வைத்தபோது அம்மா திரும்பிப் பார்த்தா.

"இவன் அண்டைக்குச் செத்தவன் எல்லே?"

உண்மைதான். மூன்று கிழமைக்கு முதல் அதே மனிதர், பெண்சாதி தள்ளிவிட்டு ஆற்றுத் தண்ணிக்குள் தாண்டு செத்துப்போனார். சேவல் செட்டை விரித்த மாதிரி இரண்டு பக்கமும் விரிந்த காது. எங்கட தம்பியின்ர காது மாதிரி இருக்கு என்று அன்று அம்மா சொன்னா. அவர் தாண்ட பிறகு அம்மா சோறு சாப்பிடவில்லை. இப்போது அதே காதோடு உலர்ந்த உடுப்பில் நின்று பெட்டியை ஆட்டுகிறார்.

"அவர்தான் அம்மா. இப்ப வேற பேர். வேற வேலையும் எடுத்திட்டார்."

"நடிக்கிறவன், பிள்ளை. ஒரு கதையில சாவான், மற்றதில வருவான்" என்றார் கேஸ் அண்ணை.

நான் யோசித்தேன். நடிப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் பேர் மாற்றிய ஒரு ஆள் ஏற்கனவே இருந்தார். அப்பா சுவிஸுக்கு வந்தது இன்னொரு ஆளின் பாஸ்போட்டில். மூன்று நாள் அந்த ஆளாகவே இருந்து, அந்த ஆளின் பிறந்த தேதியைப் பாடமாக்கி, வந்து இறங்கிய பிறகுதான் திரும்ப அப்பா ஆனார். இந்தக் கதையை அவர் எனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தார். ஆகவே எனக்கு விசயம் நல்ல சுலபமாகப் பட்டது.

"அப்ப மாமா கேஸில மட்டும் சாகட்டும் அம்மா. பிறகு வேற பேரில வருவார்தானே. அப்பாவும் வேற பேரிலதானே வந்தவர்."

கேஸ் அண்ணை வெறும் கோப்பையைத் தூக்கிக் குடித்தார். அப்பா எழும்பிப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, திரும்பக் கழுவத் தொடங்கினார். கிழமையில் ஆறு நாளும் கோட்டலில் அதைத்தான் செய்கிறார், ஞாயிறு ஒன்றுதான் லீவு நாள். பெரியவர்களின் கதைக்குள் வாய் வைத்ததால் கோபம் வந்துவிட்டது என்று நினைத்து, நான் ரீவிக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருந்தேன்.

அம்மா அந்தக் காதுக்காரனையே பார்த்துக்கொண்டு இருந்தா. படம் உருளத் தொடங்கியது. தட்ட எனக்குப் பயம். அந்த மனிதர் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று உருண்டுகொண்டு இருந்தார். பெட்டியைத் திறந்தாரோ இல்லையோ, அதற்குள் என்ன இருந்ததோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகு அம்மா சிரித்தா. பல்லுத் தெரியாத சிரிப்பு. "இவளின்ர கதையைக் கேளுங்கோ" என்று அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னா. அப்பா திரும்பவில்லை. அம்மா கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்துவிட்டு, கேஸ் அண்ணையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டா. ஒருக்காத்தான் சொல்லுவன், இந்த வீட்டுக்குள்ள சொல்லமாட்டன், பழகியும் பார்க்கமாட்டன், பேர்ணில போய்த்தான் சொல்லுவன் என்றா.

கேஸ் அண்ணை அந்த வசனத்தை ஒரு துண்டில் எழுதி மேசையில் வைத்தார். எங்கே, எந்த மாதம் என்பதும் அதில் இருந்தது. அம்மா அதை வாசிக்காமல் மடித்துக் கைப்பைக்குள் போட்டா. ரயிலில் வாசித்திருப்பா என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து எங்களை இருக்க விட்டார்கள். அந்தச் சந்தோசம் ஆறுவதற்குள் ஊரிலிருந்து பெரியம்மாவின் கடிதம் வந்தது. தம்பி இனி இல்லை, கொண்டுபோன இடத்துப் பக்கம் இருந்து வந்த ஒருவர் சொன்னார் என்று இரண்டே வரி. எப்போது என்று எழுதவில்லை. அம்மா கத்தி அழவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "என்ர வாயாலதான் போனவன்" என்று மட்டும் சொன்னா. அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. நான் சொன்ன புத்தியால்தான் அம்மா அந்தச் சொல்லைச் சொன்னவ என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. நானும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் அப்பா வேலையால் வரும்போது ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். கோட்டலில் உடுப்பு மாற்றுகிற இடத்து அலுமாரிக்குள் இருந்த கடிதம். மாமாவின் சிநேகிதன் ஒருவன் கோட்டல் விலாசத்துக்கு எழுதியது. அப்பா அதைக் கட்டிலில், அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். அம்மா எழும்பி இருந்து வாசித்தா. பிறகு தேதியைப் பார்த்தா. விரல் விட்டு எண்ணினா. நாங்கள் பேர்ணுக்குப் போனதற்கு ஏழு மாதத்துக்கு முந்தின தேதி. அப்போது தங்கச்சி அம்மாவின் வயிற்றில் ஏழாம் மாதம்.

"அப்ப நான் சொல்லேக்க…"

"ஓம். அதுக்கு முதலே. உம்மட வாயால இல்லை."

பிள்ளை பிறக்கட்டும் என்று பார்த்திருந்தாராம். பிறந்த பிறகு, பால் குடிக்கிற பிள்ளை என்று பார்த்திருந்தாராம். அதற்குள் விசாரணைக் கடிதம் வந்துவிட்டது. கடிதத்தைக் காட்டியது ஒரே ஒருவருக்குத்தான், கேஸ் அண்ணைக்கு. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்மையைத்தான் அந்தத் துண்டில் எழுதியிருக்கிறார்கள். அதைப் பொய் என்று அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா அன்று சாப்பிட்டா. ஆனால் தைப்பொங்கல் வரைக்கும் அப்பாவோடு கதைக்கவில்லை. உப்பு வேணுமோ என்பதைக்கூட என்னை விட்டுத்தான் கேட்பித்தா. தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்த்த காலம் அது. பொங்கலன்று அப்பாவின் இலையில் தானே சோற்றைப் போட்டா. அதோடு சரி.

பேர்ணில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு நான் நடைபாதையில் போட்டிருந்த மர வாங்கில் இருந்தேன். அப்பாவை முதலில் விட்டுவிட்டார்கள். அவர் என் பக்கத்தில் வந்து இருந்து, எதிரே இருந்த கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். கனநேரம். பிறகு அம்மா வெளியே வந்தா. நேராக நடந்து வந்து, கைப்பையைத் திறந்து, கோட்டலில் கொடுக்கிற பேப்பர் சுற்றிய சீனிக்கட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டா. கெட்ட சொல் சொன்ன வாயாம். எனக்கும் ஒன்று தந்தா. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி முகம் வெளிச்சமாக இருந்தது.

"சொல்லிப்போட்டன். அழேல்லை. நீங்கள் பயந்த மாதிரி ஒண்டும் இல்லை" என்று அப்பாவிடம் சொன்னா. தங்கச்சிக்குப் பால் கொடுக்க இடம் கேட்டுக்கொண்டு, அவளைத் தூக்கிக்கொண்டு போனா.

அம்மா மூலை திரும்பும்வரைக்கும் அப்பா பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சவர்க்காரத் தண்ணியில் வெடித்த கைகள். தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் அதற்கு முதல் கண்டதில்லை. பொய் பிடிபட்டுவிடும் என்று பயப்படுகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? வாயில் சீனிக்கட்டியோடு, அவருடைய முழங்காலில் கையை வைத்தேன்.

"பயப்பிடாதேங்கோ அப்பா. அது கேஸுக்குத்தானே. மாமா வருவார்."

அப்பா கையை எடுக்காமலே, "ஓம் குஞ்சு, வருவார்" என்றார்.

ஒரு சின்னப் பொய் சொன்னதற்கே இப்படி அழுகிறாரே, எங்கள் அப்பா எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டு நான் சீனியைச் சூப்பினேன்.