ஹெட்லியின் ஜிபிஎஸ்ஸும் பல் டாக்டரும்

நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில், மட்டோக்ஸ் டிக்கிள் என்ற எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு ரோடு. அந்த ரோட்டில்தான் ஹெட்லி பார்டி காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். பணி ஓய்வு விருந்தில் யாரோ ஒருவர் எழுந்து, இத்தனை வருஷத்தில் ஹெட்லி ஒரு நாள்கூட வழி தவறியதில்லை என்று பாராட்டியபோது, எல்லோருக்கும் முந்திச் சிரித்தது அவர்தான்.

"எப்படித் தவறும்? ஒரு பக்கம் கடலு, இன்னொரு பக்கம் பாறை. நான் தூங்கினாலும் பஸ்ஸு தானாப் போய் சேந்துரும்," என்றார்.

ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் அவருக்குத் திசையே கிடையாது. இது ஊருக்குத் தெரியும், அவருக்கு ஊரைவிட நன்றாகத் தெரியும். போன வருஷம் அக்டோபரில், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போன இடத்தில், ஒன்றுக்குப் போக மரத்துக்குப் பின்னால் ஒதுங்கியவர் திரும்பவில்லை. மனைவியின் அண்ணன் கிளெம் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பார்த்தார். கடைசியில் ஊரிலிருந்து படகுகள் வந்து தேடின. ஹெட்லி கிடைத்தபோது ஒரு பாறை மேல் உட்கார்ந்து ரொட்டி தின்று கொண்டிருந்தார். பாறைக்கு அந்தப் பக்கம், கல்லெறியும் தூரத்தில், கிளெமின் படகு கட்டியிருந்தது.

"ஏன் மாப்ள, படகைப் பக்கத்துல வச்சுக்கிட்டா காட்டுல தொலைஞ்சு உக்காந்திருக்க?" என்று கிளெம் அலறினார்.

"பக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சிருந்தா படகுலயே உக்காந்து தின்னிருக்க மாட்டனா மச்சான்?"

ஊர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு குளிர்காலத்தையே ஓட்டியது. ஹெட்லியும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்க முடியாமல் போனது கிறிஸ்துமஸ் அன்றுதான். மனைவி டல்ஸி தன் அண்ணனுக்கு வருஷா வருஷம் கொடுக்கும், சதுப்பில் விளையும் பேக்கப்பிள் பழத்தின் ஜாம் பாட்டிலை மேஜையில் வைத்தாள். கிளெம் கரண்டியை அதற்குள் விட்டபடியே சொன்னார்:

"வர்ற வருஷம் ஒரே ஒரு வாய்ப்புதான் மாப்ள உனக்கு. இன்னொரு தடவை தொலைஞ்சேன்னு வையி, அடுத்த லைசென்ஸுக்கு வின்ஸ் டோம்ஸ் பேரைச் சேத்து எழுதிருவேன். ஊரைக் கூட்டி ஆள் தேடறதுக்கா நான் வேட்டைக்குப் போறேன்?"

மூஸ் லைசென்ஸுக்கு இருவர் பெயரைச் சேர்த்து விண்ணப்பிப்பது இங்கே வழக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து கிளெம் பெயருக்குக் கீழே ஹெட்லியின் பெயர்தான். வேட்டை அவருக்குப் பெரிதல்ல. அவர் சுட்டு விழுந்த மூஸ்களை எண்ண ஒரு கையே அதிகம். ஆனால் கிளெமின் படகில் முன்பக்கம் உட்கார்ந்து விரிகுடாவைத் தாண்டுவது, நெருப்பில் கரியேறிய கெட்டிலில் தேநீர் கொதிக்க, இருவரும் ஒன்றும் பேசாமல் எதிரெதிரே உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் இல்லாத ஓர் அக்டோபரை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று இரவு அவருக்கு ஜாம் இறங்கவில்லை.

அதனால்தான் கையடக்க ஜிபிஎஸ் வாங்குவது என்று முடிவு செய்தார். முடிவு செய்ய ஒரு நிமிஷம் ஆனது. தேர்ந்தெடுக்க ஆறு மாதம் ஆனது.

காரணம் இதுதான். கடலுக்கென்று செய்த கருவியில் பாறையும் ஆழமும் தெளிவாகத் தெரிந்தன, கரை ஏறியதும் வெறும் மஞ்சள் நிறம்தான். நியூஃபவுண்ட்லாந்து முழுக்க யாரோ கடுகு அரைத்துப் பூசியது போல இருந்தது. காட்டுக்கென்று செய்ததில் ஒவ்வொரு குன்றும் குட்டையும் இருந்தது, ஆனால் தண்ணீரில் விழுந்தால் நேரே அடிக்குப் போய்விடும். ஹெட்லி கையில் எடுத்த எதுவும் ஒரு தடவையாவது தண்ணீரில் விழாமல் இருந்ததில்லை. மூக்குக்கண்ணாடி, தெர்மாஸ், ஒரு தடவை ஹெட்லியே விழுந்திருக்கிறார்.

டவுனில் கடைக்காரர் தொடுதிரை வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார். ஹெட்லி பையிலிருந்து டல்ஸி பின்னிய கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, அதைக் கடைக்காரரின் டம்ளர் தண்ணீரில் நனைத்து, திரையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"சார், கையுறையைக் கழட்டிட்டுத் தொடுங்க," என்றார் கடைக்காரர்.

"அக்டோபர்ல வந்து நீங்க கழட்டுங்களேன் பாப்போம்."

அப்படியென்றால் பொத்தான் வைத்ததுதான். பொத்தானும் பெரிதாக இருக்க வேண்டும். பேட்டரி, எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண பேட்டரியாக இருக்க வேண்டும், ஏனென்றால் காட்டில் சார்ஜ் போட மரத்தில் பிளக் இருக்காது. கடல் வரைபடமும் வேண்டும், காட்டு வரைபடமும் வேண்டும். மிதக்க வேண்டும். மிதந்தால் கண்ணுக்குத் தெரியும்படி ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் டவுனுக்குப் போய் ஒரு சந்தேகம் கேட்டு வந்தார். கடைக்காரர் அவரைக் கண்டதும் பின்கட்டுக்குப் போக ஆரம்பித்தார்.

"யோவ் ஹெட்லி, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப நீ இவ்வளவு யோசிக்கலயே," என்றாள் டல்ஸி.

"அப்ப நான் தொலைஞ்சு போயிருந்தேன் டல்ஸி. வழி கேக்கத்தான் உங்க வீட்டுக் கதவைத் தட்டினேன்."

ஜூலையில் வாங்கியே விட்டார். குளியல் தொட்டியில் போட்டு அது மிதப்பதை அரை மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு வீட்டு வாசலையும் கொட்டகையையும் கடையையும் அதில் குறித்தார். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு அம்புக்குறியைப் பார்த்தபடி நடந்து வந்து, ஜெயித்தவர் போலக் கதவைத் திறந்தார். டல்ஸி கைதட்டினாள். அந்தக் கைதட்டலில் கொஞ்சம் குறும்பு இருந்தது.

ஆகஸ்டில் டல்ஸியின் முறை வந்தது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், கரையிலிருந்து உள்ளே தள்ளி, அவளுக்கு ஒரு சதுப்பு உண்டு. பேக்கப்பிள் ஒரு செடிக்கு ஒரே பழம்தான் காய்க்கும். வாளி நிறையப் பறிக்க இடுப்பு ஒடிந்துவிடும். ஆனால் டல்ஸியின் சதுப்பில் ஆகஸ்டில் தரையே பொன்னிறமாக இருக்கும். அந்த இடம் எங்கே என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. சொந்த அண்ணனுக்குக்கூடச் சொன்னதில்லை. கிளெம் பல தடவை எஞ்சினை அணைத்துவிட்டு துடுப்புப் போட்டு அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார். டல்ஸி பார்த்துவிட்டால் வேண்டுமென்றே தப்பான கரையில் இறங்கி நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். சேறான இடங்களில் ஹெட்லி வீட்டுத் தாழ்வாரத்தின் பழைய பச்சைப் பலகைகளைப் பதித்து அவளுக்கு நடைபாதை போட்டிருந்தார். அந்தப் பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்ததே கிளெம்தான்.

அங்கே போய் நின்றுகொண்டு ஹெட்லி கருவியில் பொத்தானை அழுத்தினார்.

"என்னய்யா பண்ற?" என்று டல்ஸி நிமிர்ந்தாள்.

"குறிச்சு வைக்கிறேன். நீ இல்லாதப்ப நான் எப்படி வரது?"

"நான் இல்லாதப்ப நீ எதுக்கு வரணும்? அழி அதை! எங்க அண்ணன் கையில அது ஒரு நிமிஷம் சிக்குச்சுன்னா போதும்."

அழிக்க ஹெட்லிக்கு மனம் வரவில்லை. குறித்த இடத்துக்குப் பொய்ப் பெயர் வைப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். காட் மீன் கிடைக்கும் இடத்தை எவனும் உண்மைப் பெயரில் வைப்பதில்லை. கிளெமின் படகுக் கருவியில் நல்ல மீன் கிடைக்கும் இடம் 'மாமியார் வீடு' என்று இருக்கும். ஹெட்லியும் யோசித்து, யாரும் விரும்பிப் போகாத பெயராக ஒன்றை வைத்தார். பல் டாக்டர்.

"இப்ப பாரு. யாரு தேடிப் போவான்?"

"சத்தியம் பண்ணு, யாருக்கும் காட்ட மாட்டேன்னு."

ஹெட்லி சத்தியம் செய்தார்.

அக்டோபர் வந்தது. கிளெமின் படகில் விரிகுடாவைத் தாண்டி வழக்கமான சிறு குடாவில் கட்டினார்கள். ஹெட்லி படகு நின்ற இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டார். ஓடையோரமாக உள்ளே போனபோது ஒரு மூஸின் புதுத் தடம் கிடைத்தது. கிளெமுக்குத் தடம் கிடைத்தால் கால் நிற்காது. ஓடையை விட்டு, குட்டையைச் சுற்றி, குன்று ஏறி இறங்கி, தடம் பாறையில் மறைந்து போன இடத்தில் நின்றார்கள். அதற்குள் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்து மூடிக்கொண்டது. கையை நீட்டினால் கையுறை தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

கிளெம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தங்கை புருஷனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நீ வழி சொல்லு மாப்ள. எடு உன் மெஷினை."

இந்த ஒரு வார்த்தைக்காக ஹெட்லி ஆறு மாதம் கடைக்காரரின் உயிரை எடுத்திருந்தார். மார்பு விம்ம, கோட்டுப் பைக்குள்ளிருந்து அந்த ஆரஞ்சு நிறக் கருவியை எடுத்தார். நனைந்த கையுறையோடு பொத்தானை அழுத்தினார். படம் வந்தது. அவர்கள் நிற்கும் இடம், படகு இருக்கும் இடம், நடுவே ஒரு நேர்கோடு. அரை மணி நேர நடை. அந்தக் கோடு பல் டாக்டர் வழியாகப் போனது.

ஹெட்லி திரையைச் சாய்ப்பதற்குள் கிளெமின் மூக்கு அதன் மேல் இருந்தது.

"பல் டாக்டரா? இந்தக் காட்டுக்குள்ள எந்தப் பல் டாக்டர்டா கடை போட்டிருக்கான்?"

"அது வந்து மச்சான், கம்பெனிக்காரன் படத்துல தப்பாப் போட்டுட்டான்."

"கம்பெனிக்காரனா?" கிளெமின் கண் சுருங்கியது. "நான் மாமியார் வீடுன்னு பேரு வச்ச ஆளு, என்கிட்டயா? எதையோ ஒளிச்சு வச்சிருக்க. வா, வழியிலதானே இருக்கு, போய்ப் பாத்துட்டே போவோம். எனக்கும் ஒரு பல்லு வலிக்குது."

பச்சைப் பலகையைப் பார்த்தால் கிளெமுக்கு ஒரு நொடி போதும். ஹெட்லிக்கு டல்ஸியின் முகம் நினைவுக்கு வந்தது. சத்தியம் செய்த கை கருவியைப் பிடித்திருந்தது. அந்தக் கையின் கட்டைவிரல் பொத்தானைத் தேடி அழுத்தியது. திரை கறுத்தது.

"ஐயையோ. செத்துருச்சு மச்சான்."

"பேட்டரியை மாத்து. எந்தக் கடையிலயும் கிடைக்கும்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே?"

"கடையில கிடைக்கும். நான் படகுல வச்சிருக்கேன்."

கிளெம் அவரையே பார்த்தார். "அப்ப வழி?"

ஹெட்லிக்கு வழி தெரியும். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தான் எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும் என்று துல்லியமாகத் தெரியும். கறுத்த கருவியைக் கோட்டுக்குள் தள்ளினார்.

"எனக்குத் தெரியல மச்சான்," என்றார். "தொலைஞ்சுட்டோம்."

அதற்குப் பிறகு நடந்தது பெரிய கூத்து. சதுப்பைச் சுற்றிக்கொண்டு போக ஒரே வழி, குட்டை மரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் புதர்தான். ஹெட்லி "அங்க ஏதோ கடல் சத்தம் கேக்குது" என்று சொல்லிச் சொல்லிக் கிளெமை அதற்குள் இழுத்தார். அடிக்கடி ஒன்றுக்குப் போவதாக ஒதுங்கி, கோட்டுக்குள் மறைத்துக் கருவியை இயக்கிப் பார்த்துவிட்டு வந்தார். நான்காவது தடவை கிளெமுக்குப் பொறுமை போனது.

"போன வருஷமும் இப்படித்தான் ஒதுங்கின. உன்னை நம்பி விட முடியாது." பையிலிருந்து கயிற்றை எடுத்து ஹெட்லியின் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். இனி ஒதுங்கினாலும் கயிறு கூடவே வரும். மூஸ் பிடிக்கப் போன இடத்தில் ஹெட்லியைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தது போல இருந்தது. மாலை வெளிச்சம் போகும் நேரத்தில் கோட்டும் கன்னமும் கிழிந்து இருவரும் படகுக்கு வந்து சேர்ந்தார்கள். கடல் சத்தத்தை வைத்துத் தானே கண்டுபிடித்ததாகக் கிளெம் நினைத்துக்கொண்டார். ஹெட்லி மறுக்கவில்லை.

மறுநாள் வெயிலடித்தது. ஓடையோரம் கிளெம் ஒரு மூஸைச் சுட்டார். ஊருக்குத் திரும்பும் வரை படகில் ஒரு வார்த்தைதான் பேசினார். "வின்ஸ்," என்றார்.

கயிற்றுக் கதை அன்றே ஊரைச் சுற்றி வந்தது. டல்ஸி கடையில் கேட்டுவிட்டு முகம் சிவந்து வீட்டுக்கு வந்தாள்.

"அவ்வளவு விலை கொடுத்து வாங்கிட்டு மறுபடியும் தொலைஞ்சியாய்யா? எங்க அண்ணன் உன்னை மாடு மாதிரி கயித்துல கட்டி ஓட்டிட்டு வந்தாராமே!"

ஹெட்லி கருவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதை அவர் அடிக்கடி அணைத்து அணைத்துப் போட்டதால் நடந்த தடம் துண்டு துண்டாக இருந்தது. ஆனாலும் புரிந்தது. குன்றடியில் தொடங்கி, குடல் மாதிரி வளைந்து வளைந்து, பல் டாக்டர் பக்கம் ஒரு இடத்தில்கூடக் கிட்டே போகாமல், அதைச் சுற்றி அரைவட்டம் அடித்துப் படகில் முடிந்தது.

டல்ஸி அந்தத் தடத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நீ தொலையவே இல்லையா?"

"என் ஆயுசுலயே அன்னிக்கு ஒரு நாள்தான் டல்ஸி நான் தொலையல."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். நிலவறைக்குப் போய், அண்ணனுக்கென்று எடுத்து வைத்திருந்த ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து ஹெட்லியின் முன்னால் வைத்து, பெரிய கரண்டி ஒன்றையும் போட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று கிளெம் சாப்பிட்டு முடித்து மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ஜாம் எங்கம்மா?"

"வின்ஸ் டோம்ஸ் பொண்டாட்டிகிட்டப் போய்க் கேளுண்ணே," என்றாள் டல்ஸி, தட்டுகளை எடுத்தபடி. "இனிமே அவங்கதானே உனக்குச் சொந்தக்காரங்க."

கிளெம் தங்கையைப் பார்த்தார். ஹெட்லியைப் பார்த்தார். வெறும் மேஜையைப் பார்த்தார். எழுந்துபோய்த் தன் கோட்டுப் பைகளைத் துழாவிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பேனா இருக்கா மாப்ள? லைசென்ஸுக்கு உன் பேரை எழுதணும்." பேனாவுக்குக் கை நீட்டினார். "ஆனா ஒண்ணு. அந்த எழவெடுத்த மெஷினை வீட்லயே வச்சுட்டு வரணும்."

"சரி மச்சான்," என்றார் ஹெட்லி.