ஜன்னலோர மேசையும் உப்புக் குறைந்த ரசமும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அழுகிற மாதிரி எழுத எனக்கு வராது, எழுதினாலும் அக்காவுக்குப் பிடிக்காது. ஆகவே அக்கா இருபது வருடத்துக்கு மேல் உயிராக நினைத்த சுற்றுலா மற்றும் விருந்தோம்பல் துறையைப் பற்றியே எழுதுகிறேன். அதைச் சொன்னால் அக்காவைச் சொன்ன மாதிரிதான்.

அக்கா பிறந்தது அல்சூரில். அப்பா ரயில்வேயில் கார்டு. பள்ளி முடித்ததும் ஓட்டல் நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்று அக்கா சொன்னபோது, பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தட்டு எடுக்கறதுக்கு ஒரு காலேஜா?" என்று கேட்டார். "தட்டு எடுக்கத் தெரியாமதான் பெரியப்பா, நீங்க டம்ளர இங்கயே வெச்சுட்டுப் போறீங்க" என்றார் அக்கா. அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அக்கா மறுநாளே விண்ணப்பம் வாங்கிவந்தார்.

சில வருடம் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்தார். பிறகு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அப்போது துறை என்று தனியாக ஒன்றும் இல்லை. வணிகவியல் கட்டடத்தின் பின்னால் இரண்டு அறைகள், ஒரு கேஸ் அடுப்பு, நாற்காலிகள் எல்லாம் இரவல். மாணவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். டிப்ளமோ பட்டப்படிப்பாகி, இரண்டு அறை தனிக் கட்டடமாகி, பயிற்சிச் சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் வருவதற்குள் அக்காவின் தலை பாதி நரைத்துவிட்டது. இதற்கு நடுவில் அம்மா நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அக்கா வகுப்புக்குப் போவார். ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. நான் வீட்டில் இருந்தும் அவ்வளவு உதவவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் துறையில் பயிற்சி விருந்து நடக்கும். மாணவர்கள் சமைத்துப் பரிமாறுவார்கள், மற்ற துறைக்காரர்கள் விருந்தினராக உட்காருவார்கள். அக்கா வைத்த சட்டம் ஒன்றுதான்: குறை சொல்லாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. கடைசியில் அக்காவே மேசை மேசையாக வந்து, "என்ன குறை?" என்று கேட்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். படித்தவர்கள் கூச்சப்பட்டு மென்மையாகவே சொன்னார்கள். வேண்டுமென்றே சண்டை போட ஒரு ஆள் தேவைப்பட்டது. பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. குரலும் எனக்குப் பெரியது. "வீட்ல பண்றத இங்க வந்து பண்ணுடா, போதும்" என்று என்னை ஜன்னலோர மேசையில் உட்காரவைத்துவிட்டார்.

கொரோனாவுக்குப் பிறகு ஓட்டல்கள் தள்ளாடிய காலத்தில் மாணவர் சேர்க்கை விழுந்தது. துறையை மூடி, வணிகவியலோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. பார்வையிட ஒரு குழு திங்கட்கிழமை வருவதாக இருந்தது. அந்த வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. முந்தின வெள்ளியன்று நான் கொரகுண்டேபாளையா சிக்னலில் மாட்டிக்கொண்டேன். கூடத்து வாசலுக்கு வந்தால், என் மேசையில் வேறொருவர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். என்னைப் போலவே வழுக்கை, என்னைப் போலவே தடித்த கண்ணாடி.

அவர்தான் குழுவின் தலைவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது; வாசலிலேயே நின்றுவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல், தனியாக, முன்கூட்டியே வந்திருக்கிறார். அக்காவோ உள்ளே சமையலறையில். பரிமாறிக்கொண்டிருந்த மஞ்சுளா புது மாணவி, என்னைப் பார்த்ததே இல்லை. "ஜன்னலோரம் வழுக்கையா ஒருத்தர் தனியா உட்காருவார், சண்டை போடுவார், பயப்படாதே" என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தார்.

ரசத்தில் உப்பில்லை என்றார் தலைவர். மஞ்சுளா மன்னிப்புக் கேட்டு, கிண்ணத்தை எடுத்துப்போய், உப்பைச் சரிசெய்து புதிதாகக் கொண்டுவந்தாள். அவர் விடவில்லை. "இந்த டிபார்ட்மென்ட்ட மூடறதுதான் நல்லது" என்றார்.

மஞ்சுளா குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "சார், மேடம் சொன்னதவிட நல்லாவே பண்றீங்க. ஆனா மூடற பேச்சு மட்டும் வேணாம் சார். பசங்க நிஜமாவே பயந்துபோயிருக்காங்க. ரசம் ஆறிடும், சாப்பிடுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ரசத்தைக் குடித்தார். இன்னொரு கிண்ணமும் கேட்டார்.

அக்கா வெளியே வந்து, மேசையில் அவரையும் வாசலில் என்னையும் பார்த்தபோது முகம் வெளுத்துவிட்டது. ஆனால் எதையும் மறைக்கவில்லை. "உங்கள என் தம்பின்னு நினைச்சிட்டாங்க சார்" என்றார். தலைவர் என் தலையைப் பார்த்தார். தன் தலையைத் தடவிக்கொண்டார். அக்கா விடாமல் சீட்டை நீட்டி, "என்ன குறை சார்?" என்று கேட்டார். 'ரசத்தில் உப்புக் குறைவு. உடனே சரிசெய்யப்பட்டது' என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

துறை மூடப்படவில்லை. பழைய மாணவர்கள் நல்ல வேலைகளில் இருப்பதைக் காட்டிய பட்டியல்தான் காரணம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். நான் ரசத்தின் பக்கம். கடைசிவரை இதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

அக்கா நோயில் படுத்திருந்த கடைசி நாட்களில் மஞ்சுளா, இப்போது ஒரு ஓட்டலில் மேற்பார்வையாளர், பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்தாள். அக்கா ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, "உப்பு கம்மிம்மா" என்றார். "டாக்டர்தான் மேடம் கம்மியா போடச் சொன்னார்" என்றாள் அவள். "அப்ப குறைய அவர் பேர்ல எழுதிக்கோ" என்றார் அக்கா. வலியோடு இருந்தவர் அன்று நெடுநேரம் சிரித்தார்.

அந்த மருத்துவருக்கும், இரவு பகல் பார்க்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், கேட்காமலே ரத்தம் கொடுக்க வந்து நின்ற மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும்.

இன்றைய நினைவுநாள் சாப்பாட்டைச் சமைத்துப் பரிமாறுவது அக்காவின் மாணவர்கள். இலைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும். குறை எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டிருக்கிறார்கள். என் சீட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்: சாப்பாட்டில் குறை இல்லை. மேசைக்கு வந்து "என்ன குறை?" என்று கேட்க அக்கா வரவில்லை.