சக்கரத்துக்கு மேலே ஓர் இடம்

வளைகாப்புக்காகப் பம்பாயிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் கிளம்பியபோது எனக்கு ஏழாம் மாதம். "புது வண்டி, புதுப் பெட்டி. குலுக்கலே தெரியாதாம்" என்று என் கணவர் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பம்பாயில் ஒரு புடவைக் கடையில் அவருக்கு வேலை. விளம்பரத்தில் வருவதை அப்படியே நம்புகிறவர். நானும் நம்பினேன்.

பெட்டி புதிதுதான். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் எங்களுக்குக் கிடைத்த பலகை, பெட்டியின் கோடியில், சக்கரத்துக்கு நேர் மேலே. வண்டி வேகமெடுத்ததும் தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் என் இடுப்பில் வந்து இடித்தது. பழம்புடவைகளை மடித்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் குண்டக்கல் தாண்டியதும் அடிவயிறு இழுத்துப் பிடிக்கத் தொடங்கியது.

டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"பெட்டி நடுவுல ஒரு இடம் குடுங்க சார். இங்க தூக்கித் தூக்கிப் போடுது. வயித்த வலிக்குது."

"ரயிலுன்னா ஆடத்தான்மா செய்யும். மூணாங் கிளாஸ்ல வந்துக்கினு ஊஞ்சல் கேட்டா எப்படி?"

என் கணவர் அவரோடு சேர்ந்து சிரித்தார். "தறிக்காரங்க வீட்டுப் பொண்ணு சார். தாங்கும்."

அந்தச் சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைப் பக்கம் நடந்தேன். பெட்டியின் நடுவில் ஒரு பலகை முழுதாகக் காலியாக இருந்தது. அதன்மேல் படுக்கை விரித்து, ஒரு கறுப்புக் கோட்டும் தகரப் பெட்டியும் வைத்திருந்தார்கள். யாருடையது என்று எதிரே இருந்த அம்மாளிடம் கேட்டேன். பரிசோதகருடையது, யாரையும் உட்கார விடுவதில்லை என்று அவள் தெலுங்கில் சொன்னாள். காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். எனக்கு நன்றாகவே புரிந்தது.

தகரப் பெட்டியைத் தரையில் இறக்கினேன். கோட்டை அதன்மேல் போட்டேன். ஒருக்களித்துப் படுத்தேன். அங்கே ஆட்டம் பாதிகூட இல்லை.

பரிசோதகர் ஓடிவந்தார். "யாரக் கேட்டு என் பெட்டிய எறக்குன?"

"ரயிலுன்னா ஆடும்னு நீங்கதான சொன்னீங்க? என் எடம் காலியாத்தான் இருக்குது. போய் ஆடிக்கினு வாங்க."

கை நீட்டி என்னை எழுப்ப வந்தார். தெலுங்கு அம்மாள் எழுந்து அபாயச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் முணுமுணுத்தபடி போய்விட்டார். பின்னாலேயே என் கணவர் வந்தார்.

"எழுந்திரும்மா, மானம் போவுது."

"போவட்டும்."

அரக்கோணத்தில் அண்ணன் வாடகைக் காரோடு காத்திருந்தான். நேராக மருத்துவமனைக்குப் போனோம். பரிசோதித்த டாக்டரம்மா, "இன்னும் கொஞ்ச நேரம் குலுங்கியிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டு என் கணவரை முறைத்தார். பிரசவம்வரை படுக்கைதான் என்றார். வளையல்களைப் படுத்தபடியே போட்டுக்கொண்டேன். மாதம் நிறைந்து பெண் பிறந்தாள், நல்லபடியாக.

அதற்குப்பின் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வார். "டிக்கெட்காரர் பெட்டியவே தூக்கிக் கடாசினவ!" 'தாங்கும்' என்று தாம் சொன்னதை மட்டும் விட்டுவிடுவார். ஒருமுறை உறவினர்கள் எதிரிலேயே அதை நான் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எனக்கு வருத்தமாகவே இல்லை.