திருப்புட்குழிக்காரரின் எண்ணிக்கை

பதினொரு வயதில் நான் ஒரு ஸ்பிரிங்கைத் திருடினேன். அதைவிடப் பெரிய தவறு, அதற்காக வேறொருவர் தலைகுனிந்து நின்றபோது பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றது.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளியான மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். சேலைக் கரையில் உருவங்களை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியைப் புதிதாக வாங்க மாமாவுக்கு வசதியில்லை. திருப்புட்குழியில் ஒரு பெரியவர் தன் பழைய பெட்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உடைந்த கொக்கிகளுக்குப் பதிலாகக் குடைக்கம்பியை வளைத்துப் போட்டார்.

"இருந்த ஒரு கொடையும் போச்சு. மழை வந்தா நான் எங்க போய் நிக்கறது?" என்றாள் அத்தை.

"பெட்டிக்கு அடியில நின்னுக்கோ. நனையாது."

சுற்றுவட்டாரத்தில் யார் பழைய பெட்டி வாங்கினாலும் சரிபார்க்க அந்தப் பெரியவரைத்தான் அழைப்பார்கள். தன் பெட்டி என்றும் பாராமல் வண்டியோடு வந்து, பின்மூடியைத் திறந்து, ஊசிகளைத் தள்ளும் சின்ன ஸ்பிரிங்குகளை விரல்நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "எரநூத்தி நாப்பது. சரியா இருக்குதுப்பா" என்று சொல்லிப் போனார்.

மாமாவைப் பார்த்து எனக்கும் கை துறுதுறுத்தது. மூங்கில் குழாயில் டார்ச் லைட் செய்தேன். யாரோ எறிந்த பேட்டரிகளை வெயிலில் காயவைத்தால் கொஞ்சம் உயிர் வரும். அடியில் வைக்க ஒரு ஸ்பிரிங் மட்டும் இல்லை. மாமா சாப்பிடப் போன நேரத்தில் பின்மூடியைத் திறந்து ஒன்றை உருவினேன். இத்தனையில் ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடும்? டார்ச் எரிந்தது. அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு எப்போதாவது வந்ததா என்று தெரியவில்லை.

மாமா நெய்யத் தொடங்கியதும், கரையில் வந்த ஒவ்வோர் அன்னத்தின் கழுத்திலும் மெல்லிய கீறல் விழுந்தது. நாலு நாள் கொக்கியை மாற்றினார், உருவத்துக்கான துளை அட்டையை மாற்றினார், இழையை மாற்றினார். பெரியவர் எண்ணியது என்பதால் பின்மூடியை மட்டும் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் சைக்கிளில் போய் அவரையே அழைத்து வந்தார். மூடியைத் திறந்ததும் இருவர் கண்ணிலும் அந்த வெற்றிடம் பட்டது.

"ஊருக்கெல்லாம் எண்ணிக் குடுப்பே. எனக்குன்னா கண்ணு அவிஞ்சுபூடுமா?" என்று தெருவே கேட்க மாமா கத்தினார்.

பெரியவர் மடியிலிருந்த பையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பொருத்தினார். "கண்ணுதான்பா போச்சு போல. மன்னிச்சுக்கோ" என்றார். அன்னங்களின் கழுத்து சரியானது. மாமா சிரித்துவிட்டார், அத்தை அவருக்கு மோர் கொடுத்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக விளையாடப் போனேன்.

எட்டு வருஷம் கழித்து, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விடுமுறையில்தான் திருப்புட்குழிக்குப் போகும் துணிவு வந்தது. அவர் வாசலில் யாரோ கொண்டுவந்த ஒரு பழைய பெட்டி திறந்து கிடந்தது. நான் யார் என்று சொல்லி, செய்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எந்த வரிசை?"

"மேல இருந்து மூணாவதுங்க."

"மூணாவது..." அவர் விரல்நுனி காற்றில் மெல்ல நகர்ந்தது. "எண்ணினேன்பா. அதையும் தொட்டு எண்ணினேன்."

உள்ளேயிருந்து அவர் மருமகள் கையைத் துடைத்தபடி வந்து, பெட்டியின் முன் உட்கார்ந்தாள். "நீங்க எண்ணிட்டீங்களா மாமா? இப்ப நான் ஒரு தபா எண்ணிடறேன்."

"நீ எழுந்திரும்மா. இனிமே எண்ண வேணாம்."

"ஏன் மாமா? எட்டு வருசமா நீங்க எண்ணினதை நான்தானே மறுபடி எண்ணிக்கினு வரேன்? இன்னா ஆச்சு இப்ப?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணும் ஆவலே. தம்பிக்கு மோர் கொண்டா" என்றார்.