ஒற்றைக் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்

எப்சிபாவுக்குப் பணிந்து போக வராது. தேயிலை எஸ்டேட் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவள். கோயம்புத்தூர் வீடுகளில் ஹோம் நர்ஸாக இருந்து, ஆள் தூக்கித் தூக்கி முதுகு போனதும் டிசைன் படித்தாள். இப்போது கஞ்சிக்கோட்டில், லாரி இரைச்சல் ஓயாத ஒரு மாடியறையில், செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறாள். வேலை மாறியது, வாய் மாறவில்லை.

அந்த வாரம் கையில் இருந்தது, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான செயலி. மருந்துச் சீட்டைப் படமெடுத்து வைத்து, வேண்டும்போது பெரிதாக்கிப் படிக்கலாம். பெரிதாக்க எப்சிபா திரையின் கீழ்மூலையில் கூட்டல், கழித்தல் என்று இரண்டு பொத்தான் வைத்திருந்தாள். முதலாளி சென்னியப்பனுக்கு அது ஆகவில்லை.

“எடுத்துருங்க எப்சிபா. பளிச்சுன்னு இருக்கற திரையில துருத்திக்கிட்டு நிக்குது. வாங்கறவங்க மூஞ்சியச் சுளிக்கறாங்க. திங்கக்கிழம வெளியிடணுமுங்க.”

“எடுக்க மாட்டேன் சார்.”

“ஏனுங்க, ஊரே ரெண்டு விரல்ல விரிச்சுத்தான் பாக்குது.”

“ஊரு சும்மா உக்காந்து பாக்குது. நர்ஸு ஆளைத் தாங்கிக்கிட்டுல்ல பாக்குறா.” பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டாள். “அஜய், சார் மேல சாயி. எலும்பில்லாதவன் மாதிரி.”

“இப்பத்தான் சாப்பிட்டேன்க்கா. கனமா இருப்பேன்.”

“நோயாளி மட்டும் பட்டினியாவா கெடக்கான்? சாயிடா.”

அஜய் சாய்ந்ததும் சென்னியப்பனின் இடக்கை அவன் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. படுத்தவரை நிமிர்த்தினால் அப்படித்தான். மருந்து உள்ளே இறங்கும்வரை அந்தக் கை திரும்பி வராது. மற்றக் கையில் எப்சிபா கொடுத்த போன், செயலி திறந்தபடி. மிச்சம் ஒரு கட்டைவிரல்.

அந்த விரலால் அவர் கூட்டலை அழுத்தினார். படம் பெரிதானது. மாத்திரை அளவு எழுதியிருந்த வரி திரையை விட்டே ஓடிவிட்டது. நடுவில் டாக்டரின் முத்திரை மட்டும் ஊதி நின்றது.

“முத்திரையக் கரைச்சுக் குடிக்கச் சொல்றீங்களா?” என்றார். அஜய் அவர் தோளிலேயே குலுங்கிச் சிரித்தான்.

எப்சிபாவுக்கு முகம் சுட்டது. போனை மேசையில் வைத்தே அவள் சோதித்திருந்தாள். அங்கே இரண்டு கையும் சும்மா இருந்தன. நாற்காலி கிடைத்ததும் அவளுக்கே மறந்துபோயிருக்கிறது.

“இது என் தப்புதான். திருத்துறேன். எடுக்க மாட்டேன்.”

திருத்தினாள். கட்டைவிரலால் தொட்ட வரி நடுவுக்கு வந்தது. கூட்டலை அழுத்த, அதுதான் பெரிதானது. சென்னியப்பன் அழுத்திப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

“சரிங்க, செட்டிங்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சுருங்க. வேணுங்கறவங்க தேடிக்கட்டும்.”

“தேடுறதுக்கு மூணாவது கை வேணும் சார்.”

“முதலாளி நீங்களா, நானா?”

“நீங்கதான்.” மடிக்கணினியை அவர் பக்கம் தள்ளினாள். “எடுக்கணும்னா நீங்களே எடுங்க. என் கையால எடுக்க மாட்டேன். வேற ஆளு போட்டுக்கிட்டாலும் சரி.”

இந்த வேலை போனால் மறுபடி ஆள் தூக்கத்தான் போகவேண்டும், முதுகு தாங்காது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னாள்.

சென்னியப்பன் மடிக்கணினியைத் தொடாமல் அவள் பக்கமே திருப்பி வைத்தார். “கொஞ்சம் சின்னதாவது ஆக்குங்க.”

“ஆகாது சார்.”

திங்கட்கிழமை செயலி பொத்தானோடு வெளியானது. அடுத்த வேலையை அவர் அவளிடம் தராமல் அஜயிடம் கொடுத்தார். எப்சிபா நாற்காலியை அஜயின் மேசைப்பக்கம் நகர்த்தி, அவன் திரையை எட்டிப் பார்த்தாள்.

“பொத்தான் எங்கடா?”