பொல்பிட்டிய எலும்புகளுக்கு டயகமவில் சொந்தம் தேடியது

பொல்பிட்டிய பக்கம் வீதியை அகலமாக்கும்போது, ஒரு பழைய மண்சரிவுக்குள் இருந்து மனித எலும்புகள் வந்தன. யாருடையவை என்று தெரியாது. நான் கொழும்பில் மரபணு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அந்த டிஎன்ஏயை வம்சாவளித் தளம் ஒன்றில் ஒப்பிட்டோம். கனடாவில் ஒரு பெண் தூரத்துச் சொந்தமாக வந்தார். அவருடைய தாத்தா டயகம தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி. அந்த வழியில் காணாமல் போனவர் ஒருவர்தான்: முத்தையா, பொல்பிட்டியவுக்குக் கூலி வேலைக்குப் போனவர். சொந்தக்காரர்களின் எச்சில் மாதிரி எடுக்கத்தான் கடந்த மார்ச்சில் இந்தப் பயணம். (குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.)

காலை 5.45க்குக் கொழும்பில் பஸ் ஏறினால் பத்தரைக்கு ஹட்டன். அங்கிருந்து டயகமவுக்கு 210 ரூபா, இரண்டு மணி நேரம். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அக்கரப்பத்தனை தாண்டினால் வீதி அப்படி.

பஜாரில் ஆட்டோவோடு நின்றவர் செல்வம், முத்தையாவின் சித்தப்பா மகன். லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, 500 ரூபா. வழி முழுக்க ஒரே கதை: அண்ணன் சாகவில்லை, கொழும்பில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார். முத்தையாவின் மனைவி புஷ்பம் பன்னிரண்டு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறார். பிள்ளைகள் இல்லை.

இறங்கியதுமே பால் இல்லாத பிளேன்டீ வந்தது. நான் தடுப்பதற்குள் செல்வம் குடித்துவிட்டார். குடித்தால் அரை மணி நேரத்துக்கு மாதிரி எடுக்க முடியாது. எரிச்சலோடு காத்திருந்தேன். தன்னுடையதையும் எடுக்கச் சொன்னார் புஷ்பம். மனைவி ரத்த உறவு இல்லை, வீண் வேலை என்றேன்.

“தம்பி, அவரு எனக்குத் தாய்மாமன். செத்துப்போன எங்கம்மாவோட கூடப்பொறந்தவரத்தான் கட்டுனேன். ரத்தம் இல்லாம பெறகு என்ன?”

“நீங்க எந்த ஊருத் தமிழன் சார்?” என்று செல்வம் சிரித்தார்.

அக்கா மகள் என்றால் சித்தப்பா மகனைவிட நெருக்கம். அவருடையதையும் எடுத்தேன்.

நான்கு வாரம் கழித்து முடிவோடு மறுபடியும் போனேன். பொருந்தியிருந்தது. அந்த மண்சரிவும் முத்தையா காணாமல் போன அதே வாரம்தான் நடந்தது. அவர் யாரோடும் போகவில்லை, இவ்வளவு காலமும் மண்ணுக்குள்தான் இருந்தார் என்றேன். புஷ்பம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு செல்வத்தின் பக்கம் திரும்பினார்.

“கொழுந்தனாரே, ஓடிப்போயிட்டாருன்னு வீடு வீடா சொன்னது நீங்கதானே. இதையும் நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒரு வீடு விடக்கூடாது.”

செல்வம் போனார். ஆட்டோ இல்லாமல் நாலரை பஸ் எனக்குத் தவறியது. ஆச்சரியம், கோபம் வரவில்லை.

இதே வேலையாக வருபவர்களுக்கு: மாதிரி எடுத்த பிறகு தேநீர் குடியுங்கள். யார் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். தங்க இடம் சொல்லி வையுங்கள். முடிவை மட்டும் ஃபோனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். செல்வம் ஒவ்வொரு வாசலாக நின்று சொல்லி முடிக்கும் வரை, புஷ்பம் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி வீடு முடிந்த பிறகுதான் எழுந்து உள்ளே போனார்.