முழங்கையில் இரண்டு விரல்

செய்தி வந்தபோது காலைக் கூட்டம். சாலைக் கடைவீதியில் மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் டீ கேட்கிற வேளை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். டாக்டர் விசாலம் அம்மாவின் பழைய மாணவி டாக்டர் ரேஷ்மா பேசினார்.

"அண்ணாச்சி, மேடம் போயி. விடியக்காலம். உறக்கத்துலயே."

குவளையில் இருந்த டீ முன்னால் நின்றவர் வேட்டியில் போய் விழுந்தது. துக்கத்தில் கை தடுமாறியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் பொய். அடுத்த வாரம் ஊசி போட வேண்டிய கை அது. சில நாளாகவே கோணிக்கொண்டுதான் இருந்தது. துக்கத்தையும் நோயையும் போட்டுக் குழப்பினால் டாக்டர் விசாலம் அம்மாவுக்குக் கோபம் வரும். இத்தனை வருஷமாக அந்த ஊசியை எனக்குப் போட்டவர்கள் அவர்கள்தான். இனி யார் போடுவது என்ற கேள்வியும், வேட்டிக்காரர் திட்டி முடிப்பதற்குள் என் மனசில் வந்துவிட்டது. அதையும் மறைக்க மாட்டேன்.

அம்மா வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்தவர்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் படித்துவிட்டு நரம்பு டாக்டராக ஊர் திரும்பினார்கள். சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆடுகிற, கோணுகிற, விறைக்கிற கைகால்கள்தான் அவர்களுடைய இலாகா. மாணவர்களிடம் மலையாளமும் இங்கிலீஷும், என்னிடம் அக்கிரகாரத் தமிழும் பேசுவார்கள். அந்த மாணவர்கள் அம்மாவுக்காகக் கொண்டுவருகிற நினைவு மலர் இது. அம்மாவின் ஆராய்ச்சியைப் பற்றிப் பெரிய டாக்டர்கள் எழுதுவார்கள். அந்த ஆராய்ச்சியில் சிந்திய டீயைப் பற்றி நான் எழுதுகிறேன்.

தென்காசிப் பக்கமிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து டீ மாஸ்டராக நின்றவன் நான். நன்றாகப் போய்க்கொண்டிருந்த வலது கை ஒருநாள் திடீரென்று மக்கர் பண்ணியது. குவளையை உயரத் தூக்கினால் போதும், மணிக்கட்டு உள்பக்கமாகத் திருகிக்கொள்ளும். சோறு பிசைய, மீசை சீவ, முதலாளி மகனுக்குக் குட்டு வைக்க, எல்லாவற்றுக்கும் கை நேராகத்தான் போகும். டீ ஆற்ற மட்டும் மாட்டேன் என்றது.

"அண்ணாச்சி, சாயா கிளாஸ்ல ஒழிக்கணும், என்டெ காலில அல்ல!" என்று, டீயைக் கிளாஸில் ஊற்று, காலில் ஊற்றாதே என்பதை மலையாளத்தில் சொல்லிச் சுமைதூக்கிகள் சிரித்தார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. "எல சண்முவம், நல்லாத்தான் நடிக்க. சாப்பிடும்போது மட்டும் கை நேரா வாய்க்குப் போவுது, பாத்தியா? இந்த மாசத்தோட வேற ஆள் பாக்கப் போறேன்" என்றார்.

செய்வினை என்று கயிறு கட்டினார்கள். சத்து மாத்திரை தந்தார்கள். ஒரு டாக்டர், "மனசுதான் காரணம், கவலைப்படாதீங்க" என்றார். வேலை போகப் போகிறவனிடம் கவலைப்படாதே என்று சொல்ல எவ்வளவு பெரிய படிப்பு வேண்டும்!

கடைசியில் விசாலம் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். மாணவர்கள் சுற்றி நின்று சுத்தியலால் தட்டினார்கள், விரலை மடக்கச் சொன்னார்கள், மூக்கைத் தொடச் சொன்னார்கள். கை பரம சாதுவாக இருந்தது. ஒரு பையன் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். நடிக்கிறான் என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் முகத்தில் தெரிந்துவிடும்.

அம்மா என்னைப் பார்த்தார்கள். "எப்போ கோணறது?"

"டீ ஆத்தும்போது மட்டும், டாக்டரம்மா."

"அப்போ நோயாளி வந்திருக்கார், நோய் வரலை. அது கடையிலன்னா இருக்கு! நாமதான் போய்ப் பாக்கணும், கேட்டேளா."

மறுநாள் காலை நாலு மாணவர்களோடு டவுன் பஸ்ஸில் சாலைக் கடைவீதிக்கு வந்து இறங்கிவிட்டார்கள். நெரிசலில் நின்று, "ஆத்துங்கோ சண்முகம், நாங்க இல்லேன்னு நெனச்சுக்கோங்கோ" என்றார்கள். ஆற்றினேன். கை திருகி, பாதி டீ என் பாதத்திலும் மீதி அவர்களுடைய கைத்தறிப் புடவையிலும் விழுந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர்களோ, பரிசு விழுந்த மாதிரி, "இதோ வந்துடுத்து!" என்று கை தட்டினார்கள்.

பிறகு கல்லாவின் பக்கம் திரும்பினார்கள். "முதலாளி, இவர் நடிக்கலை. நடிக்கறவன் கொதிக்கற டீயை அடுத்தவா கால்ல ஊத்துவான், தன் கால்ல ஊத்திக்க மாட்டான். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்கோ."

முதலாளி டைமும் கொடுத்தார், ஆளுக்கு ஒரு டீயும் கொடுத்தார். அவர் இலவசமாக டீ கொடுத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டிஸ்டோனியா என்று அதற்குப் பெயர். பழகிய வேலையில்தான் பிசகும்; மூளையிலிருந்து கைக்குப் போகிற உத்தரவு தடம் மாறிவிடும் என்று அம்மா விளக்கினார்கள். "வெளிநாட்டுல பியானோ வாசிக்கறவாளுக்கு இது வந்தா பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கா. சாலையில டீ ஆத்தறவாளுக்கு வந்தா யார் எழுதறது? நான் எழுதறேன்." எழுதவும் செய்தார்கள். பொற்கொல்லர், தையல்காரர், செண்டை கொட்டுகிறவர் என்று தேடிப் பிடித்து, ஒவ்வொருவரையும் அவரவர் வேலையிடத்தில் போய்ப் பார்த்தார்கள். மாணவர்களும் கூடப் போயே ஆகவேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அம்மாவிடம் மரியாதை கிடையாது.

வைத்தியம் ஒரு ஊசி. "இது விஷமாக்கும். துளியூண்டு போட்டா முரண்டு பிடிக்கற சதை அடங்கும்" என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.

"விஷம்னா எங்க முதலாளியே தந்திருப்பாரே, இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே" என்றேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

முதல் ஊசியில் பிடி தளர்ந்து குவளையே கையில் நிற்கவில்லை. திரும்பப் போனேன். அறை நிறைய மாணவர்கள். "அளவு கூடிடுத்து. என் தப்பு. எல்லாரும் எழுதிக்கோங்கோ, டாக்டர் விசாலம் பண்ணின தப்பு" என்றார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு பெரிய டாக்டர் ஒரு டீ மாஸ்டரிடம் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த ஊசியில் அளவு சரியானது. கையும் வேலையும் நிலைத்தன.

இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். என் முழங்கையில் இரண்டு விரலை லேசாக வைத்தால் கோணல் இறங்கும். "தானே தொட்டுண்டாதான் பல பேருக்குக் கேக்கும். உங்க கை, யார் தொட்டாலும் கேக்கறது. மானமில்லாத கை!" என்று கேலி செய்வார்கள்.

ஊசியின் வேகம் சில மாதத்தில் இறங்கும். அப்போது கை மறுபடி கோணும். அந்தச் சமயத்தில் டாக்டர் பரீட்சை வந்தால் நான்தான் கேள்வித்தாள். அறை மூலையில் ஸ்டவ், டீ, குவளை எல்லாம் தயாராக இருக்கும். மாணவர்கள் வந்ததும் கண்காணிப்பாளருக்குக் கேட்காமல், "அண்ணாச்சி, எந்தா அசுகம்?" என்று என்ன நோய் என்பதை என்னிடமே விசாரிப்பார்கள். ஆண்டாண்டாக நடக்கிற வழக்கம். நானும் ரகசியமாக, "நிறைமாசம், தம்பி" என்று சொல்லி அனுப்புவேன்.

மாணவியாகப் பரீட்சைக்கு வந்த ரேஷ்மா அப்படிக் கேட்கவில்லை. முறைப்படி வணக்கம் சொன்னாள், தட்டிப் பார்த்தாள், அளந்து பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. கண் கலங்கிவிட்டது. நேரம் முடியப் போகும்போது மூலையைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு சாயா கிட்டுமோ?" என்றாள். ஆற்றினேன். மணிக்கட்டு திருகியது. அவள் முகத்தில் பல்ப் எரிந்தது. தாகத்துக்குக் கேட்டாளா, பரீட்சைக்குக் கேட்டாளா என்று இன்றுவரை சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "எதுக்குக் கேட்டா என்ன? வேலை செய்யச் சொல்லிப் பாத்தாளோ இல்லியோ, அது போறும்" என்றார்கள்.

செய்தி வந்த அன்று கடையை விட்டுவிட்டு வலியசாலையில் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். எங்கெங்கோ பெரிய டாக்டர்களாக இருக்கிற மாணவர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். அம்மாவை எடுக்கும்வரை தெருவில் யாரும் வாயில் தண்ணீர் வைக்கவில்லை. எடுத்த பிறகு தெருமுனை டீக்கடைப் பக்கம் நகர்ந்தோம். ரேஷ்மா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒரு சாயா கிட்டுமோ?"

அந்தக் கடை மாஸ்டரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குவளையைத் தூக்கினேன். அத்தனை நரம்பு டாக்டர்கள் முன்னிலையில் கை திருக ஆரம்பித்தது. ரேஷ்மா பக்கத்தில் வந்து, என் முழங்கையில் இரண்டு விரலை வைத்தார்.

"வியாழக்கிழமை வந்துடணும். ஊசி நான் போடறேன்."

"அளவு கூடிப்போனா?"

"என் தப்புன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுவேன்."

டீ நூல் பிடித்த மாதிரி இறங்கியது. எல்லாருக்கும் ஆற்றி முடிக்கும்வரை அந்த விரல்கள் விலகவில்லை.

போய் வாருங்கள், டாக்டரம்மா. கை நேராக இருக்கிறது.